கணினிக் கேள்வி–பதில்: சேர்வருக்கு டிஸ்க் பூட்டும் முன்

சென்ற இதழில் ஒரே சேர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது பற்றி எழுதியிருந்தோம். அதற்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டிஸ்க்கைச் சுற்றியே இருந்தன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அதற்குத்தான். மெய்நிகர் கணினியைச் சுருக்கமாக வீஎம் என்று எழுதுகிறோம். புரொக்ஸ்மொக்ஸ் என்பது வீஎம்களை ஓட்டும் இயங்குதளம். ரெயிட் என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவைக் காக்கும் முறை (ரெயிட் 0இல் மட்டும் அந்தக் காப்பு இல்லை). இசட்எஃப்எஸ் அதை மென்பொருளாகவே செய்யும் கோப்பு முறைமை. திரையில் ஆங்கிலத்தில் தெரியும் மெனுப் பெயர்களின் உச்சரிப்பைத் தமிழில் தந்திருக்கிறோம்.

கல்முனை வாசகர்: எங்கள் கணக்காய்வு அலுவலகத்துக்குப் பாவித்த டெல் பவர்எட்ஜ் ஆர்730 ஒன்று வாங்கியிருக்கிறோம். பேர்க் எச்730 ரெயிட் கார்ட், 4 டெராபைட் டிஸ்க் நான்கு, 32 ஜிபி ராம். கார்டில் ரெயிட் 5 அமைத்து, அதற்கு மேல் புரொக்ஸ்மொக்ஸை இசட்எஃப்எஸ்ஸில் நிறுவினால் இரட்டைப் பாதுகாப்பு என்கிறார் தெரிந்த ஒருவர். சரியா?

பதில்: இல்லை. டிஸ்க்குகளுக்குப் பொறுப்பு ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். கார்டிடம் கொடுங்கள், அல்லது இசட்எஃப்எஸ்ஸிடம் கொடுங்கள்.

வீஎம்முக்குள் ஒரு பற்றுச்சீட்டைச் சேமிக்கும்போது அது வின்டோஸ், புரொக்ஸ்மொக்ஸ், ரெயிட் கார்ட், டிஸ்க் என்று கை மாறிப் போகிறது. ஒவ்வொருவரும் மேலே இருப்பவருக்கு ‘எழுதியாச்சு’ என்று பதில் அனுப்புவார்கள். எச்730 கார்ட் தன் 1 ஜிபி கேஷில், அதாவது தற்காலிக நினைவகத்தில், வாங்கி வைத்துக்கொண்ட உடனேயே ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிடும். கார்டின் பற்றரி நல்ல நிலையில் இருந்தால் அந்தச் சொல்லை நம்பலாம். கரண்ட் போனாலும் கேஷில் இருப்பது அழியாது, திரும்ப வந்ததும் டிஸ்க்குக்குப் போய்விடும். பாவித்த சேர்வர்களில் வரும் பற்றரி பல வருடம் உழைத்து ஓய்ந்தது. அது செத்துவிட்டால் கார்ட் தானாகவே, டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும் ரைட்-த்ரூ முறைக்கு இறங்கும், வேகம் விழும். வேகத்துக்காக, பற்றரி இல்லாவிட்டாலும் கேஷிலேயே வாங்கி வைக்கும் ‘ஃபோர்ஸ் ரைட்-பெக்’ என்பதைத் தெரிவு செய்பவர்கள் உண்டு. அதன் பிறகு ஒரு மின்வெட்டு போதும், கணக்குப் பதிவுகள் பாதியில் நின்றுவிடும்.

இசட்எஃப்எஸ்ஸைக் கார்டுக்கு மேல் போட்டால் அதற்குத் தெரிவது ஒரேயொரு பெரிய டிஸ்க் மட்டும். செக்சம் (தரவு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும், ஆனால் திருத்துவதற்கு மற்றப் பிரதி அதன் கையில் இல்லை. எந்த டிஸ்க் பழுதாகிறது என்பதும் தெரியாது. ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெயிட் 0 ஆக்கிக் கொடுக்கும் குறுக்குவழியில் பிழையைத் திருத்த முடியும், ஆனால் கார்டும் அதன் கேஷும் நடுவில் நிற்கும் கரைச்சல் அப்படியேதான். இதில் இன்னொன்றும் சேரும்: டிஸ்க் மாற்றும்போதெல்லாம் கார்டின் மெனுவுக்குள் போய் ரெயிட் 0 புதிதாக உருவாக்க வேண்டும்.

ரெயிட் 5 வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. ஒரு டிஸ்க் போனால் மீளக் கட்டுவதற்கு மிச்சமுள்ள மூன்றையும் ஆரம்பம் முதல் முடிவு வரை படிக்க வேண்டும்: 12 டெராபைட். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்று போட்டிருக்கும். அது கிட்டத்தட்ட 12.5 டெராபைட். தயாரிப்பாளர் தரும் உச்ச வரம்புதான் அது, ஒவ்வொரு முறையும் நடக்கும் என்றில்லை. ஆனாலும் அலுவலகத்தின் கணக்கு முழுவதையும் அந்த ஒரு ஓட்டத்தில் பணயம் வைக்க வேண்டாம். அத்துடன் வீஎம்கள் எழுதுவது சின்னச் சின்னத் துண்டுகள். ரெயிட் 5இல் ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் பழையதைப் படித்து, இழந்த தரவை மீளக் கட்ட உதவும் பரிட்டியைத் திரும்பக் கணக்கிட வேண்டியிருப்பதால் வேகமும் கிடைக்காது.

உங்கள் இடத்தில் நாங்கள் என்றால் எச்பிஏ முறையும் (கார்ட் விலகி நின்று டிஸ்க்குகளை நேரடியாகக் காட்டுவது) இசட்எஃப்எஸ் ரெயிட் 10உம்தான் (டிஸ்க்குகளை இரண்டிரண்டாக மிரர் செய்வது, அதாவது ஒரே தரவை இரண்டிலும் எழுதுவது). பழைய பற்றரியை நம்பியிருக்கத் தேவையில்லை. சேர்வர் ஏறும்போது எஃப்2 அழுத்தி டிவைஸ் செட்டிங்ஸ், அதில் ரெயிட் கொன்ட்ரோலர் என்று போங்கள். முதலில் இருக்கும் வேர்ச்சுவல் டிஸ்க்குகள், ஹொட் ஸ்பெயார் (தயாராக நிற்கும் மாற்று டிஸ்க்) எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் முறை மாறாது. அவற்றில் இருக்கும் தரவு போய்விடும் என்பதால் முன்பே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கொன்ட்ரோலர் மனேஜ்மென்ட் பகுதிக்குள் ‘சுவிட்ச் டு எச்பிஏ மோட்’ என்பதைத் தெரிவு செய்து ரீபூட் செய்யுங்கள்.

புரொக்ஸ்மொக்ஸ் நிறுவியில் டிஸ்க் கேட்கும் திரையில் ‘ஒப்ஷன்ஸ்’ பொத்தானைத் தட்டி, இசட்எஃப்எஸ் ரெயிட் 10 எடுத்து, நான்கு டிஸ்க்குகளையும் சேருங்கள். அட்வான்ஸ்ட் பகுதியில் ஏஷிஃப்ட் 12 என்றே இருக்கட்டும். 2இன் 12ஆம் அடுக்கு 4096, அதாவது இன்றைய டிஸ்க்குகளின் செக்டர் அளவு. இதைப் பிறகு மாற்ற முடியாது. அதே இடத்தில் ஆர்க் அளவும் இருக்கும். இசட்எஃப்எஸ் படிப்பதற்கு ராமில் பிடித்து வைக்கும் இடம் அது. 8.1 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது ராமில் 10 சதவீதம், உச்சமாக 16 ஜிபி என்று வைத்துவிடும். உங்கள் 32 ஜிபிக்கு அது 3 ஜிபி சொச்சம்தான். 2 ஜிபியுடன் டெராபைட்டுக்கு 1 ஜிபி சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். ஆகவே 10 ஜிபியாவது கொடுங்கள், மிச்சத்தை வீஎம்களுக்குப் பிரியுங்கள்.

கையில் வரும் இடம் 8 டெராபைட். திரையில் அது 7.28 என்று தெரியும், பயப்பட வேண்டாம். 1000க்கும் 1024க்கும் உள்ள வித்தியாசம்தான். அதிலும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரம்ப நிரம்ப இசட்எஃப்எஸ் வெற்றிடம் தேடியே களைத்துவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று ஸ்கிரப். டிஸ்க் முழுவதையும் படித்துச் செக்சம் சரிபார்க்கும் இந்த வேலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நள்ளிரவு தாண்டியதும் தானாக ஓடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. சனி மாலை சேர்வரை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்களில் அது ஒருநாளும் ஓடாது. அணைப்பது உங்கள் வழக்கமென்றால் வேலைநாள் ஒன்றின் மாலைக்கு அதை மாற்றி வையுங்கள்.

அதே வாசகர்: இசட்எஃப்எஸ்ஸில் ரெயிட் 5 போன்ற ரெயிட்-இசட் 1 போட்டால் நான்கில் மூன்று பங்கு இடம் கிடைக்குமே?

பதில்: கணக்கில் கிடைக்கும், வீஎம்மில் கிடைக்காது. பழைய புரொக்ஸ்மொக்ஸ் பதிப்புகளில் வீஎம் டிஸ்க்கின் துண்டு அளவு 8 கேபி. 4 கேபி செக்டர்களில் அது இரண்டு தரவு, ஒரு பரிட்டி, ஆக மூன்று. ரெயிட்-இசட் 1 இரட்டைப்படையாகத்தான் இடம் ஒதுக்கும் என்பதால் நான்காவது வெற்றுச் செக்டர் ஒன்றும் சேரும். 8 கேபிக்கு 16 கேபி செலவு, அதாவது மிரருக்கு ஆகும் அதே இடம். புதிய பதிப்புகளில் 16 கேபி, அதில் மூன்றில் இரண்டு பங்கு தேறும். வேகமோ ஒரு டிஸ்க்கின் வேகத்தை ஒட்டியே இருக்கும். படங்கள், வீடியோ கோப்புகள் குவிக்கும் இடத்துக்கு ரெயிட்-இசட் நல்லது. வீஎம்மை அதில் ஏற்ற வேண்டாம்.

வந்தாறுமூலை வாசகி: புரொக்ஸ்மொக்ஸில் வின்டோஸ் சேர்வர் 2022 நிறுவப் போனால் டிஸ்க் எதுவுமே காட்டவில்லை. சாட்டாவாக மாற்றினால் காட்டுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: ஓடும், ஆனால் மந்தமாக. சாட்டா என்பது பழைய சாதனம் ஒன்றைப் போல நடிப்பது. வேர்ட்-ஐஓ ஸ்கசி வீஎம்முக்கென்றே உருவானது, வின்டோஸுக்குள் அதற்கான டிரைவர் இல்லை என்பதுதான் சிக்கல்.

வேர்ட்-ஐஓ வின் என்ற ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, வீஎம்முக்கு இரண்டாவது சீடி டிரைவாகக் கொடுங்கள். டிஸ்க் தெரிவு செய்யும் திரையில் ‘லோட் டிரைவர்’ தட்டி, வீஐஓ-ஸ்கசி என்ற கோப்புறை, அதற்குள் 2கே22, அதற்குள் ஏஎம்டி64 என்று போனால் டிஸ்க் தோன்றும். நிறுவி முடிந்ததும் அதே சீடியிலிருந்து வலையமைப்பு டிரைவரையும், புரொக்ஸ்மொக்ஸ் வீஎம்மோடு பேச உதவும் கெஸ்ட் ஏஜென்டையும் போடுங்கள்.

ஏற்கெனவே சாட்டாவில் நிறுவிவிட்டவர்கள் நேரே வேர்ட்-ஐஓவுக்கு மாற்றினால் நீலத்திரைதான். 1 ஜிபியில் ஒரு சிறு டிஸ்க்கை வேர்ட்-ஐஓ ஸ்கசியாகச் சேர்த்து, வின்டோஸை ஏற்றி, டிரைவரைப் போட்டு, அந்தச் சிறு டிஸ்க் வின்டோஸுக்குள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அணைத்து, பெரிய டிஸ்க்கைக் கழற்றி ஸ்கசியாகச் சேருங்கள். பூட் ஓடர் பகுதியில் புதிய டிஸ்க்குக்கு அடையாளமிட மறக்க வேண்டாம், அதை விட்டுவிட்டுத்தான் பலர் ‘ஏறவில்லை’ என்கிறார்கள்.

டிஸ்க்கின் மற்றத் தெரிவுகள்: கொன்ட்ரோலர் ‘வேர்ட்-ஐஓ ஸ்கசி சிங்கிள்’, ஐஓ திரெட் ஓன், டிஸ்கார்ட் ஓன், கேஷ் ‘நோ கேஷ்’. டிஸ்கார்ட் ஏன் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

அக்கரைப்பற்று, அரிசி ஆலை ஒன்றின் கணினிப் பொறுப்பாளர்: 1 டெராபைட் எஸ்எஸ்டியில் 500 ஜிபி டிஸ்க்குடன் மூன்று வீஎம்கள். நேற்றுக் காலை மூன்றும் ஒரே நேரத்தில் நின்று ‘ஐஓ எரர்’ காட்டின. எஸ்எஸ்டி பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, வீஎம் டிஸ்க்குகள் எல்லாம் பகிரும் தின் பூல் நிரம்பிவிட்டது. 500 ஜிபி என்று நீங்கள் எழுதிக் கொடுத்தது வாக்குறுதி மட்டும். எழுத எழுதத்தான் இடம் போகும். 1,500 ஜிபி வாக்குக் கொடுத்துவிட்டு 1,000தான் கையில் இருந்தால் ஒருநாள் முட்டும்.

தயவுசெய்து வீஎம்களை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் எழுத முயன்று பாதியில் முறியும், உள்ளே இருக்கும் கோப்பு முறைமை சேதமாகும். மூன்றையும் அணைத்துவிட்டு, டிஸ்க்ஸ் பகுதியில் எல்விஎம்-தின் பக்கத்தைத் திறந்து தரவு எத்தனை சதவீதம், மெட்டாடேட்டா (எது எங்கே என்ற குறிப்பு) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். இரண்டும் தனித்தனியே நிரம்பக்கூடியவை. மெட்டாடேட்டா நிரம்புவதுதான் மோசம், அதை மீட்பது பழகிய கைக்குரிய வேலை.

இடம் எடுக்கச் சுலபமான வழி பழைய ஸ்னப்ஷொட்களை (வீஎம்மின் ஒரு நேரத்து நிலைப் பதிவுகளை) அழிப்பது. அப்டேட்டுக்கு முன் எடுத்து மறந்துபோனவை எப்படியும் ஒன்றிரண்டு கிடக்கும். பிறகு ஒவ்வொரு வீஎம் டிஸ்க்கிலும் டிஸ்கார்டை ஓன் செய்து, வின்டோஸ் என்றால் டிரைவ் ஒப்டிமைஸ், லினக்ஸ் என்றால் எஃப்எஸ்-டிரிம் ஓட்டுங்கள். உள்ளே நீங்கள் அழித்த கோப்புகள் பூலைப் பொறுத்தவரை இன்னும் இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், டிஸ்கார்ட்தான் ‘இது இனி வேண்டாம்’ என்று கீழே சொல்லி அனுப்புவது. இவ்வளவும் செய்தும் 80 சதவீதத்துக்குக் கீழே வராவிட்டால் இன்னொரு டிஸ்க்கை அதே வொல்யூம் குரூப்பில் சேர்த்துப் பூலைப் பெரிதாக்குங்கள். ஆனால் புதிய டிஸ்க் செத்தாலும் பூல் முழுவதும் போகும் என்பதை நினைவில் வைத்து அதைச் செய்யுங்கள்.

காத்தான்குடி வாசகர்: எங்கள் மொத்த விற்பனைக் கடையின் பில்லிங் டேட்டாபேஸ் வீஎம்மில் ஓடுகிறது. பெட்டியில் ‘வினாடிக்கு 500 எம்பி’ என்று போட்ட எஸ்எஸ்டி. ஆனால் பில் அடிக்கும்போது தயங்குகிறது. கேஷ் தெரிவை ‘ரைட்-பெக் அன்சேஃப்’ ஆக்கினால் பறக்கிறது. ஆபத்தா?

பதில்: பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. டேட்டாபேஸ் ஒவ்வொரு பில்லுக்கும் ‘இது உண்மையாகவே டிஸ்க்கில் இறங்கட்டும்’ என்று கேட்டு நிற்கும். ‘அன்சேஃப்’ அந்தக் கோரிக்கையை வீசிவிட்டு ‘எழுதியாச்சு’ என்று பதில் கொடுக்கிறது. கரண்ட் போனால் போகப்போவது கடைசிச் சில பில்கள் மட்டுமல்ல. எழுதும் ஒழுங்கு குலைவதால் டேட்டாபேஸே திறக்காமல் போகலாம். இயங்குதளம் நிறுவும் அந்த அரை மணிநேரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம். வெறும் ‘ரைட்-பெக்’ வேறு, அது கோரிக்கையை மதிக்கும்.

பெட்டியில் போட்ட 500 எம்பி பெரிய கோப்பை நீளமாக எழுதும்போது கிடைப்பது. உங்கள் கடைக்கு முக்கியம் வினாடிக்கு எத்தனை முறை ‘டிஸ்க்கில் இறங்கிவிட்டது’ என்று உறுதி சொல்ல முடியும் என்பதுதான். புரொக்ஸ்மொக்ஸ் ஷெல்லில் (கட்டளைத் திரை) பிவிஈ-பேர்ஃப் கட்டளையை ஓட்டினால் ‘எஃப்சிங்க்ஸ் பேர் செகண்ட்’ என்ற வரியில் அந்த எண் வரும். வீட்டுப் பாவனை எஸ்எஸ்டிகள் பல நூறில் தடுமாறும், பிஎல்பி உள்ளவை பல ஆயிரம் தரும்.

பிஎல்பி என்பது எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் கெப்பாசிட்டர் வரிசை. கரண்ட் போனாலும் தன் கேஷில் இருப்பதைச் சிப்புக்குள் இறக்கும் அளவுக்கு மின்சாரம் அதில் இருக்கும். அதனால் கேஷில் வாங்கியதுமே ‘எழுதியாச்சு’ என்று அது நேர்மையாகச் சொல்ல முடிகிறது. வாங்கும்போது ‘டேட்டா சென்டர்’ அல்லது ‘என்டர்பிரைஸ்’ வகை கேளுங்கள், விவரத்தாளில் பவர் லொஸ் புரொடெக்ஷன் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 480 ஜிபி இரண்டு வாங்கி மிரர் செய்தால் பில்லிங்குக்கு அது தாராளம். கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் வைப்பதால் சீக்கிரம் தேயும்) வகையில் டிராம் (உள் நினைவகம்) இல்லாத மலிவு எஸ்எஸ்டிகளை இசட்எஃப்எஸ்ஸில் போட வேண்டாம். டிஸ்க்ஸ் பகுதியில் தேய்மானம் காட்டும் ‘வேர்அவுட்’ என்ற நிரல் மாதாமாதம் ஏறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

திருக்கோவில் வாசகர்: கொழும்பிலிருந்து பாவித்த சாஸ் வகை (சேர்வர்களுக்கான இணைப்பு) டிஸ்க் ஆறு மலிவாகக் கிடைத்தது. சேர்வரில் பூட்டினால் மொடல் நம்பர் தெரிகிறது, அளவு பூச்சியம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றியவையாக இருக்கும். அவற்றில் செக்டர் ஒன்று 512 பைட் அல்ல, 520. மேலதிக 8 பைட்டில் அந்தப் பெட்டி தன் சொந்தச் செக்சமை வைத்திருக்கும். லினக்ஸுக்கு 520 புரியாது.

எஸ்ஜி3-யூட்டில்ஸ் என்ற பொதியை நிறுவி, அதிலுள்ள எஸ்ஜி-ஃபோர்மட் கட்டளையால் அளவு 512 என்று கொடுத்து மறுபடி ஃபோர்மட் செய்யுங்கள். டிஸ்க் எச்பிஏ முறையில் இருக்கும் கார்டில் பூட்டியிருக்க வேண்டும். ரெயிட் முறையில் கட்டளை டிஸ்க்கைச் சென்றடையாது. பெரிய டிஸ்க்குக்குப் பல மணிநேரம் எடுக்கும், ஆறையும் ஆறு ஷெல்லில் ஒரே நேரத்தில் ஓடவிடலாம். இடையில் கரண்ட் போனால் டிஸ்க் ‘ஃபோர்மட் கெட்டுவிட்டது’ என்று மறுக்கும், ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஜெனரேட்டர் உள்ள இடத்தில் செய்யுங்கள். சரியாக முடிந்த பிறகும் படிக்கும்போது பிழை வந்தால் டிஸ்க்கில் புரொடெக்ஷன் டைப் 2 (செக்டருடன் ஒட்டிய சரிபார்ப்புப் பைட்டுகள்) இன்னும் இருக்கக்கூடும். எஃப்எம்டி-பி-இன்ஃபோ பெறுமதியைப் பூச்சியமாக வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள்.

ஃபோர்மட்டுக்கு முன்பே, டிஸ்க் தன் உடல்நலம் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். ‘குரோன் டிஃபெக்ட் லிஸ்ட்’ (பாவனையில் பழுதான இடங்கள்) என்ற வரியில் பூச்சியம் அல்லது ஓரிரண்டு என்றால் பாவிக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் அப்போது கடைக்காரரிடம் பேசுங்கள்.

ஒலுவில் மாணவர்: புரொக்ஸ்மொக்ஸைப் போல வீஎம் ஓட்டும் வீஎம்வெயாரின் ஈஎஸ்எக்ஸ்ஐ இலவசமாகக் கிடைக்குமா? அதில் மிரர் செய்வது எப்படி?

பதில்: 2024 பெப்ரவரியில் இலவசப் பதிப்பை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் 8.0 அப்டேட் 3ஈயுடன் திரும்பத் தந்தார்கள். மிரர்? ஈஎஸ்எக்ஸ்ஐக்கு உள்ளே மென்பொருள் ரெயிட் கிடையாது. அது ஆதரிக்கும் ரெயிட் கார்ட் ஒன்று கட்டாயம். தாய்ப்பலகையின் பயோஸில் இருக்கும் சாட்டா ரெயிட்டை அது கண்டுகொள்ளாது, தனித்தனி டிஸ்க்காகவே காட்டும். படிப்பதற்கு என்றால் புரொக்ஸ்மொக்ஸ் செலவு குறைவு.

மட்டக்களப்பு நகரம், வீடியோ ஸ்டூடியோ ஒன்றிலிருந்து: ஒரே சேர்வருக்குள், கோப்புகளை வலையமைப்பில் பகிரும் ட்ரூநாஸையும் வீஎம்மாக ஓட்டி, அதற்கு நான்கு டிஸ்க் கொடுக்க நினைக்கிறோம். டிஸ்க்கை ஒவ்வொன்றாகக் கொடுப்பதா?

பதில்: கார்டோடு கொடுங்கள். எல்எஸ்ஐ 9300-8ஐ போன்ற ஒரு எச்பிஏ கார்டில் நான்கையும் பூட்டி, அந்தக் கார்டையே வீஎம்முக்கு ஒப்படைத்தால் ட்ரூநாஸ் டிஸ்க்கின் வெப்பம், சீரியல் நம்பர், பிழைக் கணக்கு எல்லாவற்றையும் நேரடியாகப் பார்க்கும். தனித்தனியே கொடுத்தால் இவை மறையும்.

பயோஸில் இன்டெல் என்றால் விடி-டி, ஏஎம்டி என்றால் ஐஓஎம்எம்யூ ஓன் செய்யுங்கள். வீஎம்மின் ஹாட்வெயார் பகுதியில் பிசிஐ டிவைஸ் சேர்க்கும்போது பட்டியலில் அந்தக் கார்டின் ஐஓஎம்எம்யூ குழு எண்ணைக் கவனியுங்கள். அதே குழுவில் நெட்வேர்க் கார்டும் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், சேர்வர் உங்களுக்கு எட்டாமல் போகும். கார்டை வேறு ஸ்லொட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் பிரியும். புரொக்ஸ்மொக்ஸ் ஏறும் டிஸ்க் இந்தக் கார்டில் இருக்கவே கூடாது. அதைத் தாய்ப்பலகைச் சாட்டாவில் வையுங்கள். வீஎம்முக்குக் கொடுத்த ராம் முழுவதும் பூட்டப்பட்டுவிடும், ஓடிக்கொண்டிருக்கும்போது இடம் மாற்றவும் முடியாது.

கேபிள் வாங்கும்போது ஒரு பொறி உண்டு. 9300இல் இருக்கும் வாய் எஸ்எஃப்எஃப்-8643, பழைய 9200 வரிசையில் எஸ்எஃப்எஃப்-8087. ஒன்று மற்றதில் பொருந்தாது. கார்டிலிருந்து நான்கு டிஸ்க்குக்குப் போவது ‘ஃபோர்வேர்ட் பிரேக்அவுட்’. ‘ரிவேர்ஸ்’ வகை கண்ணுக்கு அச்சொட்டாக அப்படியே இருக்கும், பூட்டினால் ஒரு டிஸ்க்கும் தெரியாது.

எடிட்டிங் கணினிகளுக்குக் கடைசியாக ஒன்று: 1 கிகாபிட் வலையமைப்பில் வினாடிக்கு 110 எம்பி அளவுதான் கிடைக்கும், எத்தனை டிஸ்க் போட்டாலும். 4கே எடிட்டிங் இரண்டு பேர் செய்தால் 10 கிகாபிட் தேவை. ஜம்போ ஃபிரேம் (பெரிய வலையமைப்புப் பொதி) போடுவதானால் சேர்வர், சுவிட்ச், கணினி மூன்றிலும் போடுங்கள். 8972 பைட் அளவில், துண்டாக்க வேண்டாம் என்ற தெரிவுடன் பிங் செய்து போகிறதா என்று பாருங்கள். ஒரு இடத்தில் விட்டால் சின்னக் கோப்பு போகும், பெரியது தொங்கும்.

ஏறாவூர் வாசகர்: மைக்ரோசொஃப்டின் ஹைப்பர்-வியில் முழு டிஸ்க் ஒன்றை வீஎம்முக்குக் கொடுக்கப் போனால் அந்தத் தெரிவு மங்கலாக இருக்கிறதே?

பதில்: ஹோஸ்டின் டிஸ்க் மனேஜ்மென்டில் அந்த டிஸ்க்கை ‘ஒஃப்லைன்’ ஆக்குங்கள், தெரிவு உயிர்பெறும். அப்படிக் கொடுத்த டிஸ்க்கோடு செக்பொயின்ட் (ஹைப்பர்-வியின் ஸ்னப்ஷொட்) எடுக்க முடியாது.

வாழைச்சேனை வாசகர்: யூபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் நீளமாகப் போனால் சேர்வர் பொத்தென்று விழுகிறது. கடலுக்குக் கிட்ட இருக்கிறோம், வேறு கவனிக்க வேண்டியது?

பதில்: யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயர் சேர்வரில் சொருகியிருக்கிறதா? பல இடங்களில் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். யூபிஎஸ்ஸைக் கவனித்து அணைக்கச் சொல்லும் நட் என்ற மென்பொருளை வீஎம்முக்குள் போடாமல் புரொக்ஸ்மொக்ஸிலேயே நிறுவி, யூஎஸ்பி-எச்ஐடி-யூபிஎஸ் டிரைவரைக் கொடுங்கள். ‘பற்றரி குறைந்துவிட்டது’ என்ற செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய பற்றரி அந்தச் செய்தியைச் சொல்வதற்கு முன்பே விழும். கரண்ட் போய் 3 நிமிடத்தில் அணைக்கத் தொடங்கும்படி நேரம் வையுங்கள். ஒவ்வொரு வீஎம்முக்கும் அணைய 180 வினாடி வரை புரொக்ஸ்மொக்ஸ் காத்திருக்கும். ஆகவே யூபிஎஸ் குறைந்தது 10 நிமிடமாவது முழுச் சுமையைத் தாங்க வேண்டும். வீஎம்களில் கெஸ்ட் ஏஜென்ட் இருந்தால் சீக்கிரம் அணையும். ட்ரூநாஸ் போன்ற நாஸ் (கோப்புச் சேமிப்பு) வீஎம் வைத்திருந்தால் ஸ்டார்ட் ஓடரில் அதற்கு 1, மற்றவற்றுக்கு 2 என்று கொடுங்கள். ஏறும்போது முதலில் ஏறும், இறங்கும்போது கடைசியாக இறங்கும்.

யூபிஎஸ் ப்யூர் சைன் வேவ் வகையாக இருப்பது நல்லது. சேர்வர் பவர் சப்ளைகள் சில, படிக்கட்டு அலை யூபிஎஸ் பற்றரிக்கு மாறும் அந்தக் கணத்திலேயே விழுந்துவிடும். பற்றரியின் ஆயுள் 25 பாகைக்குக் கணக்கிடப்பட்டது, 10 பாகை கூடினால் ஏறக்குறைய பாதி. நம் பக்கத்துச் சித்திரை வெக்கையில் மூடிய அறைக்குள் வைத்த பற்றரி எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்கிடுங்கள்.

உப்புக் காற்று டிஸ்க்கைவிட இணைப்புகளைத்தான் தின்னும். சாஸ் பின்தளத்தின் ஊசிகள், ராம் விளிம்பு, விசிறி. டிஸ்க்குகளில் ஸ்மார்ட் ‘சீஆர்சி எரர்’ மட்டும் ஏறிக்கொண்டு மற்ற எண்கள் அசையாமல் இருந்தால் குற்றவாளி டிஸ்க் அல்ல, கேபிள் அல்லது வாய். ஏசி இல்லாத அறையில் கடல் பக்க ஜன்னலைத் திறந்து வைத்து ‘காற்றோட்டம்’ கொடுப்பதை நிறுத்துங்கள்.

உயரத்தையும் யோசியுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் இரண்டு மாவட்டங்களிலும் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிய இடங்கள் எவை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே சேர்வரும் யூபிஎஸ்ஸும். பெக்கப் எடுத்த டிஸ்க் அதே கட்டடத்திலேயே இருந்தால் அது வெள்ளத்துக்குப் பெக்கப் அல்ல. கார்த்திகை பிறக்கு முன் ஒரு பிரதி மேட்டுநிலத்தில் உள்ள வேறு வீடொன்றுக்குப் போகட்டும்.

களுவாஞ்சிக்குடி வாசகி: இசட்எஃப்எஸ் மிரரில் ஒரு டிஸ்க் ‘டிகிரேடட்’. எதைக் கழற்றுவது என்று எப்படித் தெரியும்? மாற்றிய பின் வேறு வேலை உண்டா?

பதில்: எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பிக் கழற்றாதீர்கள், ரீபூட்டுக்கு ரீபூட் அது மாறக்கூடும். டிஸ்க்ஸ் பகுதியில் சீரியல் நம்பர் தெரியும். பழுதான டிஸ்க் அங்கே தெரியாமலே போயிருந்தால், நலமாக இருக்கும் டிஸ்க்கின் சீரியலைக் குறித்துக்கொண்டு, அது இல்லாததைக் கழற்றுங்கள். நல்லதைக் கழற்றிவிட்டால் பூல் அந்தக் கணமே நின்றுவிடும். சந்தேகம் இருந்தால் சேர்வரை அணைத்துவிட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள்.

மாற்றும் டிஸ்க் சிஎம்ஆர் (எழுதும் தடங்கள் தனித்தனியே இருப்பது) வகையா என்று வாங்கும் முன்பே உறுதிப்படுத்துங்கள். எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது) மீளக் கட்டும்போது நாட்கணக்கில் இழுக்கும், சிலவேளை நடுவில் பூலிலிருந்தே விழுந்துவிடும்.

புரொக்ஸ்மொக்ஸ் ஏறும் மிரர் அதுவானால் வெறுமனே ரீப்பிளேஸ் கட்டளை கொடுத்தால் போதாது. நிறுவும்போது ஒவ்வொரு டிஸ்க்கிலும் மூன்று பகுதிகள் உருவாகின்றன. இரண்டாவதில் பூட், மூன்றாவதில் தரவு. முதலில் நல்ல டிஸ்க்கின் பகுதி அட்டவணையை எஸ்ஜி-டிஸ்க் கொண்டு புதியதில் பிரதி செய்து, அடையாள எண்களை மாற்றுங்கள். இதில் மூல டிஸ்க் எது, இலக்கு எது என்பதை இரண்டு தரம் பாருங்கள், திருப்பிக் கொடுத்தால் நல்ல டிஸ்க்கின் அட்டவணை போய்விடும். பிறகு மூன்றாம் பகுதியை மட்டும் பூலுக்குக் கொடுத்து மீளக் கட்டவிடுங்கள். முடிந்ததும் புரொக்ஸ்மொக்ஸ்-பூட்-டூல் கொண்டு இரண்டாம் பகுதியை ஃபோர்மட், பிறகு இனிட். இந்தக் கடைசிப் படியை விட்டவர்களின் சேர்வர் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும்; மிச்சமிருந்த பழைய டிஸ்க்கும் போன நாளில்தான் தரவு முழுதாக இருந்தும் ஏறாது. புதிய டிஸ்க்கைப் பூட்டும்போதே அதன் சீரியலின் கடைசி நான்கு இலக்கத்தைத் தட்டின் முகப்பில் ஒட்டிவிடுங்கள்.